சத்தம் என்று ஒரு பொத்தான்

ஜூன் 3, திங்கள்

அகராதி இன்று சண்டை போடவில்லை. அப்பாடா.

‘கதவு முனகுகிறது’ என்று எழுதியிருந்தான். நான் அதை ‘கதவு திறக்கிறது’ என்று மாற்றினேன். வழக்கமாக இதற்கு மதியம் வரை என் மேசையை விட்டு நகரமாட்டான். கதவு திறப்பது கண்ணுக்கே தெரியுதே, காது கேட்காதவர்களுக்குக் கண்ணும் தெரியாதா என்று ஆரம்பித்து, முனகலுக்கும் கிறீச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை வாயாலேயே செய்து காட்டி, பக்கத்து மேசைக்காரர்களையும் நீதி கேட்க இழுப்பான். இன்று “சரிக்கா” என்றான். அவ்வளவுதான்.

அகராதி என்று நாங்கள் வைத்த பட்டப்பெயர் அவனுக்கு இரண்டு விதத்தில் பொருந்தும். எந்தச் சத்தத்துக்கும் ஒரு சொல் வைத்திருப்பான், அதனால் அகராதி. அதை மாற்றினால் முறைப்பான், அதனாலும் அகராதி.

மாடி வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் அம்மா படிக்கட்டில் நிறுத்தி, என்ன வேலை என்று கேட்டார். படங்களுக்கும் தொடர்களுக்கும் கீழே எழுத்து போடுகிறோம், காது கேட்காதவர்கள் படிக்க என்றேன். பேச்சை மட்டுமல்ல, மழை, செருப்பு, பெருமூச்சு எல்லாவற்றையும். மற்றவர்கள் எழுதுவார்கள், நான் சரிபார்ப்பேன். “சத்தத்தைக் கூடவா எழுதுவாங்க?” என்று சிரித்தார்.

ஜூன் 6, வியாழன்

மாலைப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. தெருவில் போகிறவர்களின் காலடியில் எழுத்துகள் மிதந்து வந்தன. சைக்கிள்காரரின் கீழே ‘சங்கிலி உரசுகிறது’. பூட்டிய கடையின் கீழே ‘உள்ளே எங்கோ தொலைபேசி’. ஒரு கிழவரின் கீழே மட்டும் ஒன்றும் இல்லை. வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. அவர் திரும்பி என்னைப் பார்த்தது போலிருந்தது. என் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

திரும்பி நடந்து வந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் வழியெல்லாம் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

புது மென்பொருள் வந்ததிலிருந்து அலுவலகமே அமைதியாகிவிட்டது. திரையின் ஓரத்தில் பொத்தான்கள்: மழை, கதவு, சிரிப்பு, இசை. எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாகச் ‘சத்தம்’. எது என்று தெரியாவிட்டால் அதைத் தட்டிவிட்டு மேலே போகலாம். முன்பெல்லாம் காலையில் இருவர் இருவராக உட்கார்வோம். ஒருவர் கண்ணை மூடிக் கேட்டுச் சொல்ல, மற்றவர் எழுதுவார். அது நேரத்தைத் தின்கிறது என்று முதலாளி நிறுத்திவிட்டார். இப்போது ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு ஹெட்போன். சுவரில் ஒரு பலகை, யார் எவ்வளவு முடித்தார்கள் என்று காட்ட.

பலகையில் அகராதி முதலிடம். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “பாத்தியாம்மா, பய திருந்திட்டான்.” நானும் சிரித்தேன். எனக்கும் நிம்மதிதானே. யார் தினமும் தொண்டை கிழியக் கத்துவது?

ஜூன் 18, செவ்வாய்

அகராதி மதியம் சாப்பிடாமல் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னடா என்றேன். “சாப்பிட்டுட்டேன்க்கா” என்றான். டப்பா நிறைய இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

மாமாவைப் பற்றி எழுதவேண்டும். இன்றே எழுதிவிடுகிறேன்.

மாமனாருக்கு நாலைந்து வருடமாகக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. எங்கள் அலுவலகத்து எழுத்துகளுக்கு அவரைப் போல ஒரு ரசிகர் உலகத்தில் இருக்கமாட்டார். தொடர் பார்க்கிறாரா, எழுத்தைப் பார்க்கிறாரா என்று என் வீட்டுக்காரரே அப்பாவைக் கேலி செய்வார். ஒருமுறை ‘காலி வாளியில் முதல் சொட்டு’ என்று வந்ததற்கு மாமா எழுந்து நின்றுவிட்டார். நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அது அகராதி எழுதியது. அவன் யார் என்று மாமாவுக்குத் தெரியாது.

இன்று எல்லாரும் கூடத்தில் இருந்தோம். புதுத் தொடரின் இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா பாதியிலேயே என் பக்கம் திரும்பினார். அவர் குரலை அவரால் அளக்க முடியாது, தெருவுக்கே கேட்கும்.

“ஏம்மா, முன்னாடி எழுதிட்டிருந்தவரு தவறிட்டாரா?”

இல்லை மாமா, அதே ஆள்தான் என்று வாயசைத்துக் காட்டினேன். அவர் நம்பவில்லை.

“சும்மா சொல்லாத. இது வேற யாரோ. எல்லாத்துக்கும் சத்தம், சத்தம்னு போடுறான். மழையா, அடியா, அழுகையா, எனக்கு எப்படித் தெரியும்? அந்த மனுஷன் இருந்தா இப்படி எழுதமாட்டாரு.”

திரையைப் பார்த்தேன். ‘சத்தம்’ என்று இருந்தது. முடிவில் என் பெயர்தான் வரும், சரிபார்த்தவர் என்று. நான் அதைப் படித்தேன், கடந்து போனேன். அவன் சண்டை போடாமல் விட்டதைத் திருந்திவிட்டான் என்று நினைத்தோமே. சண்டை நின்ற அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டாமா? ஜுரம் வந்தால் ஊரே தெரிந்துகொள்ளும். இதற்கு ஒரு ஜுரம் கூடக் கிடையாதா?

ஜூன் 24, திங்கள்

அலுவலக மொட்டை மாடியில் அகராதியோடு பேசினேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். தொட்டிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. முன்பென்றால் அதற்கு மூன்று சொல் சொல்லியிருப்பான். சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

உடம்பு சரியில்லையா என்றேன். நல்லாத்தான் இருக்கு என்றான். வீட்டில் ஏதாவது? அதுவும் இல்லையாம். தூக்கம்? தூங்குகிறானாம், எழுந்திருக்கும்போது தூங்காத மாதிரி இருக்கிறதாம். காது மருத்துவரிடம் கூடப் போய்வந்திருக்கிறான். காது பழுதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கே தெரியாமல் இவ்வளவும் நடந்திருக்கிறது, ஒரே அறையில்.

பிறகு தானாகவே சொன்னான். “எல்லாம் ஒரே மாதிரி கேக்குதுக்கா. எங்க பாப்பா அழுறதும் மிக்ஸி ஓடுறதும் ஒண்ணுதான். அன்னைக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், அவ அழுதழுது மூச்சு வாங்கிட்டா. என் வீட்டுக்காரி ஓடி வந்து தூக்கினப்புறம்தான் எனக்குத் தெரியுது.”

இந்தத் தொடர் முடிந்ததும் வேலையை விட்டுவிடப் போகிறானாம். வேறு எங்கே போவாய் என்றேன்.

“எங்கயாவது. சத்தமே இல்லாத வேலையா.”

அவனுக்குச் சத்தமே இல்லாத வேலை. மீனுக்குத் தண்ணீர் இல்லாத வீடு பார்க்கிற மாதிரி. சிரிக்க முடியவில்லை. இவன் போனால் நல்ல ஆள் ஒருவன் போகிறான், அது ஒரு பக்கம். இப்படியே போனால் இவனுக்குள் இருக்கும் மழை, கதவு, பாப்பா எல்லாம் போய்விடுமே. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

ஜூன் 26, புதன்

முடிவு செய்துவிட்டேன். முதலாளியிடம் சொன்னால் அவன் பெயர் கெடும். அவனுக்கு வரும் பாகங்களில் பாதியை நானே சத்தமில்லாமல் எடுத்துச் செய்துவிடுகிறேன். பலகையில் அவன் பெயரிலேயே ஏறும். கொஞ்சம் மூச்சு விட்டால் சரியாகிவிடுவான்.

ஜூலை 2, செவ்வாய்

அவனுடைய பாகம் ஒன்று, என்னுடைய சரிபார்ப்பு. வீட்டுக்கும் எடுத்து வந்தேன். முடியும்.

ஜூலை 4, வியாழன்

கனவில் நான் பேசினேன், கீழே எழுத்து வரவில்லை. மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 5, வெள்ளி

முடியும்.

ஜூலை 8, திங்கள்

சத்தம்.

ஜூலை 9, செவ்வாய்

நேற்று எழுதியதை இப்போதுதான் பார்க்கிறேன். எதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், ஏன் ஒரு சொல்லோடு எழுந்தேன், ஞாபகமே இல்லை.

இன்று சாயங்காலம் மகள் வந்து தோளைத் தட்டினாள். என்னவோ சொன்னாள். “சரி, சேவ் பண்ணிட்டு மூடு” என்றேன். அவள் போகவில்லை. மறுபடி தட்டினாள். “அம்மா, பல்லு விழுந்துடுச்சுன்னு சொன்னேன்.” கையை விரித்தாள். உள்ளங்கையில் குட்டியாய், ரத்தப் புள்ளியோடு. முதல் பல். சேவ் பண்ணிட்டு மூடு என்கிறேன்.

அவள் அழவில்லை, சிரித்தாள். அப்பாவிடம் போய் ஜோக்காகச் சொன்னாள். இவரும் சிரித்தார், பிறகு என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “அகராதிக்கு வந்தது உனக்கும் வந்துடுச்சு” என்றார். எனக்கா? எனக்கு என்ன? — என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

என்ன மடத்தனம் பண்ணியிருக்கேன் நான். அவன் தோளிலிருந்து மூட்டையை எடுத்து என் தோளில் வைத்தேன். மூட்டை அப்படியேதான் இருக்கு. அவனும் தேறவில்லை. பாதி வேலை குறைந்தும் பொத்தானைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறான். கேட்கவே நேரம் தராத அறையில் பாதி நேரம் உட்கார்ந்தால் மட்டும் என்ன கேட்டுவிடப் போகிறது?

ஜூலை 11, வியாழன்

முதலாளியிடம் பேசினேன். அவர் பொல்லாதவர் இல்லை. பழைய ஒலிப்பதிவாளர், வெளிச்சத்தம் புகாதபடி இந்த அறையைத் தன் கையால் பஞ்சு ஒட்டிக் கட்டியவர். ஆனால் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன் என்கிறார். முதலில் இருப்பவனுக்கு ஓய்வு கொடுத்தால் கடைசியில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். அடுத்த தொடரும் அகராதிக்குத்தான் என்று எழுதி வைத்துவிட்டார்.

“கஷ்டம்னா அவன் என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொல்றதுக்குத் தெம்பு இருந்தா அவன் சண்டையே போட்டிருப்பான் சார்.”

பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். யோசிப்போம் என்றார். அப்படியென்றால் யோசிக்கமாட்டார்.

ஜூலை 13, சனி

பேருந்தில் மறுபடி அந்தக் கிழவரைப் பார்த்தேனா, கனவா? இந்தமுறை அவர் கீழே எழுத்து இருந்தது. வண்டி திரும்பிவிட்டது, படிக்க முடியவில்லை.

மாமாவை அலுவலகத்துக்கு அழைத்துப் போனால் என்ன?

ஜூலை 16, செவ்வாய்

மாமா சலவைச் சட்டையில், தலையைப் படிய வாரி, பெண் பார்க்கப் போகிறவர் போல வந்தார். என் அலுவலகத்தைப் பார்க்க ஆசை என்று முதலாளியிடம் சொல்லி வைத்திருந்தேன். முதலாளிக்குப் பெருமை. தன் அறையிலேயே உட்கார வைத்து, தொடரின் புதுப் பாகத்தைப் போட்டுக் காட்டினார். நான் கதவோரம் நின்றேன்.

காட்சி இது: வெளியே கணவன் செருப்பு மாட்டுகிறான். குளியலறைக் கதவு மூடியிருக்கிறது. உள்ளே குழாயைத் திறந்துவிட்டு அந்தப் பெண் அழுகிறாள், வாயைப் பொத்திக்கொண்டு. தண்ணீர்ச் சத்தத்துக்குள் தேடினால்தான் கேட்கும். திரையில் கதவு மட்டும். கீழே ‘சத்தம்’.

மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மாமாவைக் காட்டினேன். அவர் படத்தை நிறுத்தி, மாமாவிடம் எதற்குச் சிரிப்பு என்று கையால் கேட்டார்.

“உள்ள வழுக்கி விழுந்துட்டா போல. எதையோ போட்டு உடைச்சிருக்கா. மொதல்லயே வாளியக் காட்டினானே!”

மாமா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. “தப்பா?” என்றார், அவருக்கு வராத மெல்லிய குரலில். “அவ என்ன பண்றா உள்ள?”

அழுறா மாமா என்று காட்டினேன். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். தப்பு அவருடையது போல.

முதலாளி அந்த இடத்தை மறுபடி ஓட்டினார். இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு விரலை எடுத்துவிட்டுப் பார்த்தார். அப்புறம் கேட்டார், இதை எழுதியது யார் என்று.

அகராதி என்றேன். “நம்ம அகராதியா?” என்றார். ஒரு மரணத்தை விசாரிப்பது போல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே அழுதேன்.

ஜூலை 18, வியாழன்

தொடர்க்காரர்களிடம் இன்னும் கொஞ்சம் நாள் கேட்டார் முதலாளி. எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்களாம். இதற்குத்தானா இத்தனை நாள் எல்லாரும் ஓடினோம்? கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

பலகை இறங்கிவிட்டது, சுவரில் ஆணி மட்டும். ‘சத்தம்’ பொத்தானை எடுக்கச் சொல்லிவிட்டார். காலையில் பழையபடி இருவர் இருவராக உட்காரலாம். நான் கேட்ட இன்னொன்று: யாராவது வழக்கமாகப் போடும் சண்டையை நிறுத்திவிட்டால், அல்லது வழக்கமாகச் சண்டை போடாதவர் போட ஆரம்பித்தால், அன்றைக்கே மாடிக்கு அழைத்துப் போய்ப் பேச வேண்டும். வேலையைப் பற்றியல்ல. சும்மா. அதற்கு முதலாளி தலையாட்டினார்.

அகராதிக்கு நாளையிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை சம்பளத்தோடு விடுப்பு. ஒரு நிபந்தனை சொன்னார்: வந்ததும் பழையபடி கலாட்டா பண்ணக்கூடாது.

“அதுக்கு நான் பொறுப்பில்ல சார்” என்றேன்.

சிரித்தார். நீண்ட நாள் கழித்து.

அகராதிதான் சிரிக்கவில்லை. விடுப்பு என்றதும் முகம் வெளுத்துவிட்டது. “என்னை அனுப்புறீங்களாக்கா?” என்றான். திரும்பி வரத்தான் என்றேன். நம்பினானா தெரியாது. ஹெட்போனைத் துடைத்து, வயரைச் சுருட்டி, மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். எடுத்து வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

அவன் மனைவியோடு பேசினேன். தூங்குகிறானாம். எழுந்தால் சாப்பிடுகிறான், திரும்பத் தூங்குகிறான். “பயமா இருக்குக்கா, இவரு இப்படித் தூங்கிப் பாத்ததே இல்ல” என்றாள். எனக்கும் பயம்தான். தூங்கட்டும்மா என்றேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அவன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. காலையில் ஜன்னல் வெளிச்சம் அதில் வந்து உட்கார்ந்து, நகர்ந்து, மதியத்துக்குள் எழுந்து போய்விடுகிறது. அவன் வராமலே போனால்? கேட்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், எங்கிருந்தாவது கேள்வி வந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 24, சனி

அவனிடமிருந்து ஒரு ஒலித்துண்டு வந்தது. பேச்சே இல்லை. மதியத் தூக்கக் கலக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தப், தப், தப், நடுவில் ஒரு இழுவை, அப்புறம் தப். என்ன இது? ஈரத்துணியா? மீனா? குளத்துக்குள் இருந்துகொண்டு மேலே யாரோ நடப்பதைக் கேட்பது போலிருந்தது.

பின்னால் அவன் எழுத்து வந்தது: ‘இதுக்கு என்ன போடுவீங்க?’

நாலைந்து தடவை கேட்டபிறகு சிரிப்பு கேட்டது, தூரத்தில், பல் இல்லாத சிரிப்பு. பாப்பா தவழ்கிறாள். ‘தரையில் குட்டிக் கைகள்’ என்று அனுப்பினேன்.

‘ஒரு முட்டியை விட்டுட்டீங்க’ என்று பதில் வந்தது.

இவரிடம் காட்டினேன், மாமாவிடம் காட்டினேன். மாமா ரொம்ப நேரம் அந்த வரியையே படித்தார். “இவருதானா அந்த வாளிக்காரரு?” என்றார்.

செப்டம்பர் 2, திங்கள்

வந்தான். எல்லாரும் அவனைப் பார்க்காத மாதிரி பார்த்தோம். மதியம் வரைதான் வேலை, முதலாளியே அனுப்பிவிட்டார். ஒரு காட்சிக்கு மட்டும் எழுதினான். எல்லாம் சரியாக இருந்தது. சண்டை இல்லை.

சண்டை இல்லை என்று மாமாவிடம் சொன்னேன். பொறு என்று கையைக் காட்டினார்.

செப்டம்பர் 20, வெள்ளி

இந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல், இவர் ஊரில் இல்லை, இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. அவர்கள் பங்கையும் நான்தான் எழுதினேன். பெரிதாக ஒன்றுமில்லை, சமாளித்துவிட்டேன். என் பாகத்தைச் சரிபார்க்க அகராதியிடம் கொடுத்தேன்.

எழுந்து வந்தான். என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றான். அறை முழுக்க நிமிர்ந்து பார்த்தது.

“என்னக்கா இது? ‘சத்தம்’னு போட்டிருக்கீங்க. பொத்தானையே எடுத்தாச்சு, இதைக் கையால அடிச்சிருக்கீங்க.”

அவசரத்தில் விட்டிருப்பேன், ஒரு சொல்தானே என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். ஒரு சொல்லா? அந்த அம்மா போர்வையை உதறுகிறாள், அது சத்தமா? மடித்தால் ஒன்று, உதறினால் ஒன்று, கொடியில் காய்ந்த போர்வை என்றால் வேறொன்று. இது காயாத போர்வை, நுனியில் ஈரம் இருக்கிறது, காதை வைத்துக் கேட்டீர்களா இல்லையா? நானும் விடவில்லை. இத்தனை ஆராய்ச்சிக்குள் காட்சி மாறிவிடும், படிக்கிறவன் என்ன செய்வான் என்றேன். தொண்டை கிழியக் கத்தினோம். முதலாளி அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, மெதுவாக மூடிக்கொண்டார்.

கடைசியில் ‘ஈரப் போர்வை உதறப்படுகிறது’ என்று என் கையாலேயே மாற்ற வைத்தான். தோற்றேன். எரிச்சலில் காது சூடாகிவிட்டது. உள்ளுக்குள் என்ன சந்தோஷம்.

அவன் தன் இடத்துக்குப் போகவில்லை. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்.

“வாங்கக்கா, மாடிக்குப் போலாம்.”

எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன் என்றேன். அன்று அவன் சொன்ன அதே பதில் என்று, சொல்லி முடிக்கும்போதே எனக்குக் கேட்டுவிட்டது.

செப்டம்பர் 23, திங்கள்

விடுப்பு. மகள் காய்ச்சல் விட்டுத் தூங்குகிறாள். பின்கட்டில் குழாய் சரியாக மூடாமல் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து மூடப் போனேன், மூடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். வெயில் வாளியின் விளிம்பு வரை வந்திருந்தது.

மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தையே பார்த்துவிட்டு, “என்னம்மா கேக்குது?” என்றார்.

இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன். சரி என்று அவரும் வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.